சாய்ந்த பைன்களின் கீழ்ப்பக்கம்

பெரியநாயக்கன்பாளையம்,
6 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய நந்திதா அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. மரியாதையைப் பார்த்துவிட்டு நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் சண்டை முற்ற முற்றத்தான் மரியாதை கூடும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

சரி, இந்தத் 'தாங்கள்' எழுதக் கை வலிக்கிறது. உன் நம்பரை நான் போனில் பிளாக் செய்திருப்பது உண்மைதான். உன் முகாமில் எப்படியும் சிக்னல் கிடையாது, அதனால் உனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நம் கைடு சென்னகிருஷ்ணன் சார்தான், "பேசாட்டிப் போகுது, கோர் வர்ற பெட்டியில ஒரு காகிதமாவது எழுதிப் போடுங்கம்மா" என்றார். அவருக்காக எழுதுகிறேன்.

பெட்டியை உங்கப்பாவே கொண்டுவந்தார். மலையிலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டர் தம்பிதுரை கொடுத்தாராம். மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டியைச் சாத்திவிட்டு டவுன் பஸ் ஏறி வந்திருக்கிறார். நான் பெட்டியைத் திறந்ததும் எட்டிப் பார்த்து, "ஏனுங் அம்மணி, இளநி குடிக்கிற குழலுக்குள்ளாற குச்சியப் போட்டு அனுப்பிச்சிருக்குது என்ற புள்ள. இதுக்குங்களா இத்தன வருசம் படிச்சுது?" என்றார். மரத்தை வெட்டாமல் அதன் கதையைப் படிக்க இதுதான் வழி, தண்டில் கருவியைத் திருகி இறக்கிப் பென்சிலைவிட மெல்லிதாக ஒரு குச்சி எடுப்போம், அதற்குத்தான் கோர் என்று பெயர், உடையாமல் இருக்கக் காகித ஸ்ட்ராவில் போடுவோம், அதில் வருடத்துக்கு ஒரு வளையம் தெரியும் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்ப மலைக்குப் போறவிங்க ஒருத்தரு, ஊட்ல உக்காந்து எண்றவிங்க ஒருத்தருங்களா?" என்றார். வெகுளியாகத்தான் கேட்டார். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

அந்தச் சரிவு என்னுடையது, நந்திதா. 2019 மழையில் மண் சரிந்து, பைன் மரங்கள் விழாமல் சாய்ந்தபடியே நின்றுபோன இடத்தைத் தேடிப் பிடித்தவள் நான். ஒவ்வொரு மரத்துக்கும் தகரத்தில் நம்பர் அடித்து மாட்டியவள் நான். மூன்று வருடம் அந்தச் சரிவில் வழுக்காத கால், சித்தப்பா மகன் கல்யாணத்தில் பந்திக்குப் பக்கத்தில் கொட்டிக்கிடந்த ரசத்தில் வழுக்கி முறிந்தது. கம்பி வைத்திருக்கிறார்கள். மே மாதம்வரை மலை ஏறக்கூடாது. அதனால் சார் என் சரிவை உன்னிடம் கொடுத்தார். தேக்கைத் தவிர வேறு எந்த மரத்தையும் துளைத்திராத நீ, ஆஸ்பத்திரியில் கிடந்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் "சரிங்க சார்" என்றாய் பார், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

மார்ச் மாதம் கோயம்புத்தூரில் நடக்கும் கருத்தரங்கில் இந்தச் சரிவைப் பற்றிப் பேசுகிறவரைத்தான் சார் இரண்டு வருடம் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்போகிறார். ஒரே ஒரு இடம். அது எனக்கு வேண்டும். ஒளிவுமறைவு எதற்கு?

கோர்களை ஒட்டித் தேய்த்து அளந்து வைக்கிறேன். வேலையில் குறை இருக்காது.

இப்படிக்கு,
பிரீத்திகா


குந்தா மலைமுகாம்,
18 ஜனவரி 2025

ஏ புள்ள பிரீத்தி,

'மதிப்பிற்குரிய' என்பதைப் படித்துச் சிரித்தேன். அடுத்த பக்கம் திருப்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

உன்னிடம் கேட்டிருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் மாட்டேன் என்றிருந்தால் சார் அன்றைக்கே நம் லேப் ரவிதேஜாவை அனுப்பியிருப்பார். அவன் வந்த முதல்நாளே உன் தகரத்தையெல்லாம் பிடுங்கி வீசிவிட்டுத் தன் கையெழுத்தில் புது நம்பர் அடித்திருப்பான். அதைவிட நான் பரவாயில்லை என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

இங்கே குளிர் எலும்பில் இறங்குகிறது. காலையில் டிரம்மில் தண்ணீர் மேல் கண்ணாடி மாதிரி பனி நிற்கிறது, சமையல்கார செவ்வந்தி அக்கா அகப்பையால் தட்டி உடைத்துவிட்டுத்தான் உலை வைக்கிறார். "இந்தப் பொட்டக்காட்டுல மரத்தக் குத்திக்கிட்டு என்ன கண்ணு கண்டீங்க?" என்று தினமும் ஒரு தடவை கேட்டுவிடுவார். உன் பையை நான்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன். பக்கப் பையில் உன் புளிப்பு மிட்டாய் இருந்தது. தின்றுவிட்டேன்.

இனிமேல்தான் விஷயம். கோர்களைத் தண்ணீரில் நனைத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 2019 வரைக்கும் சாதாரணம். அதற்குப் பிறகு வளையங்கள் அகலம் அகலமாக விரிகின்றன, பிரீத்தி! மண்ணே காலடியில் உருவிக்கொண்டு போயும் இந்த மரங்கள் சுணங்கவில்லை, முன்னைவிட வேகமாக வளர்ந்திருக்கின்றன. சாருக்கு ஊட்டி போய்ப் போன் பண்ணிச் சொன்னேன். "பிரமாதம்மா" என்றார். சார் வாயில் அந்த வார்த்தை வந்து கேட்டிருக்கிறாயா நீ?

கவனமில்லாமல் எடுத்தேன் என்று நினைக்காதே. மேல்பக்கம் பூராவும் சரிந்த மண் இடுப்பளவு கிடக்கிறது. அது இல்லாவிட்டாலும் சாய்ந்த மரத்தில் மேல்பக்கம் நம்பக்கூடாது என்பது தேக்கில் படித்த பாடம். ஆகவே எல்லாம் கீழ்ப்பக்கம் நின்று எடுத்தவை. தொங்கிக்கொண்டுதான் திருகினேன்.

கோபம் இருந்தால் இருக்கட்டும். உப்புத்தாளை மட்டும் மெதுவாகத் தேய்.

நந்தி


பெரியநாயக்கன்பாளையம்,
1 பிப்ரவரி 2025

நந்திதா,

போன ஞாயிற்றுக்கிழமை சார் ஆப்பிள் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். வந்தவர் என் காலைப் பற்றி ஒரு நிமிடம் கேட்டார், உன்னைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நந்திதா தொங்கிக்கொண்டு கோர் எடுத்தாள், நந்திதா பனியிலும் லீவு கேட்கவில்லை. அம்மா வேறு, "நல்ல புள்ளைங்க சார், எங்கூட்டுப் புள்ள மாதிரி" என்று சேர்ந்துகொண்டார். ஆப்பிளை நறுக்குகிற சாக்கில் நான் அடுப்படிக்கு எழுந்து போனேன். அங்கே நின்று அழுதேன். சாரும் அம்மாவும் உன்னைப் புகழ்ந்தது அவ்வளவு வலித்தது.

மறுநாள் உன் கோர்களை அப்பா பட்டறைக்கு எடுத்துப்போனேன். வார்ப்புக்கு மர அச்சு செய்கிற மேஜையில் வைத்துத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி வரும். பதினான்காம் நம்பர் மரத்தைத் தேய்த்தேன். 2019 தாண்டியதும் மரம் நிறம் மாறியது. செம்பழுப்பு. அடுத்த மரமும் செம்பழுப்பு. அதற்கடுத்ததும்.

தேக்கில் நீ படித்த பாடம் தேக்குக்குச் சரி. இலை அகலமான மரம் சாய்ந்தால் மேல்பக்கத்தில் மரம் வைத்துத் தன்னை இழுத்துக்கொள்ளும். பைன் நேர் எதிர். அது கீழ்ப்பக்கத்தில் கெட்டியான செம்பழுப்பு மரத்தைக் கொட்டி முட்டுக்கொடுத்து நிமிரப் பார்க்கும். நீ பார்த்த அகலம் அந்த முட்டுத்தான். மரம் செழிக்கவில்லை, விழாமல் இருக்கப் பாடுபடுகிறது. எந்தப் பக்கத்தை நம்பக்கூடாதோ அந்தப் பக்கத்தில் தொங்கித் தொங்கி எடுத்திருக்கிறாய்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் உனக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன். "என்னம்மா தனியா சிரிக்கற?" என்று அப்பா லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பிரீத்திகா


குந்தா மலைமுகாம்,
9 பிப்ரவரி 2025

பிரீத்திகாவுக்கு,

சிரித்தாயா? நல்லது. வயிறாரச் சிரி.

உன் கடிதத்தில் மரத்தைப் பற்றி இருந்தது பாதி. மீதி முழுக்கப் பொறாமை. என்னிடம் இருக்கும் எதையும் உன்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. முதல் வருடம் எனக்குப் பரிசு கிடைத்தபோது, நடுவர் எங்கப்பாவுக்குச் சொந்தமா என்று கேட்டவள் நீ. தேக்கு பற்றி என் கட்டுரை வந்தபோது, தேக்கை யார் வேண்டுமானாலும் எண்ணலாம் என்று சொன்னவளும் நீ. இப்போது பைனும் என் கையில் பலித்துவிட்டது என்றதும் மரம் நிறம் மாறுகிறது!

இதே துறையில் ஆறு வருடம் என்னை எல்லோரும் எப்படிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? 'பிரீத்திகாவோட ஃபிரண்ட்.' எனக்குப் பேர் இருப்பதே இந்தச் சரிவுக்கு வந்த பிறகுதான் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் உன்னைப் பார்த்து எரியவில்லை என்றா நினைத்தாய்? நான் அதை எழுதி பஸ்ஸில் அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

செம்பழுப்பு பிசினாலும் வரும். உன் பட்டறை எண்ணெயாலும் வரும். தலைப்பைக் கருத்தரங்குக்கு அனுப்பியாயிற்று: 'சரிவுக்குப் பின் செழித்த பைன்கள்.' மாற்றப்போவதில்லை.

நந்திதா


பெரியநாயக்கன்பாளையம்,
13 பிப்ரவரி 2025

நந்திதா,

பொறாமைதான். காலையில் பல் விளக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. நீ என் பையைப் போட்டுக்கொண்டு என் சரிவில் நடக்கிறாய் என்று நினைத்தால் இட்லி இறங்கவில்லை.

ஆனால் என் பொறாமை உன் கோருக்குச் சாயம் பூசாது. அது மரத்தில் இருக்கிறது.

மண்ணை விலக்கி மேல்பக்கத்தில் ஒரு கோர் எடு. ஒரே ஒரு மரம் போதும். அங்கேயும் வளையம் அகலமாக இருந்தால் கருத்தரங்கில் முதல் வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டுகிறேன். நீ சுவிட்சர்லாந்து போகிற அன்று உன் பெட்டியை நானே தூக்கி வைக்கிறேன்.

எடுக்கப் பயமாக இருந்தால் எடுக்காதே.

பிரீத்திகா


குந்தா மலைமுகாம்,
25 பிப்ரவரி 2025

பிரீத்தி,

பயமாகத்தான் இருந்தது.

ஒரு மரம் இல்லை, எல்லா மரத்திலும் எடுத்திருக்கிறேன். மண்வெட்டி போதவில்லை, கடப்பாரை வாங்கி வந்தேன். செவ்வந்தி அக்கா சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வந்து கூடவே தோண்டினார். "கொளுத்தி வெச்சவளே வந்து தோண்டோணுமல்லொ" என்று உன்னைத் திட்டியபடியே தோண்டினார். கை இரண்டும் கொப்புளம். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

எடுத்ததை லென்ஸ் வைத்துப் பார்க்கவில்லை. முதல் ஸ்ட்ராவில் போடும்போதே கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். நீயே பார்த்துச் சொல்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பைனில் கீழ்ப்பக்கம் கூடாது என்பது உனக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. நான் தேக்குக்காரி என்பதும் உனக்குத் தெரியும். டிசம்பரில் நான் உனக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன், நீ எடுக்கவில்லை. அப்புறம் பிளாக் செய்துவிட்டாய். ஒரு தடவை எடுத்துத் திட்டியிருந்தாலும், திட்டோடு திட்டாக "கீழ போய் எடுத்துத் தொலைக்காதடி" என்று சொல்லியிருப்பாய். எனக்கு இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

நந்தி


பெரியநாயக்கன்பாளையம்,
5 மார்ச் 2025

நந்தி,

சொல்லியிருப்பேன்.

மேல்பக்கக் கோர்களில் 2019க்குப் பிறகு வளையம் தலைமுடி அகலம்தான். பதினான்காம் மரத்தில் அடுத்த இரண்டு வருடங்களுக்கு வளையமே இல்லை. மேலே பட்டினி கிடந்துதான் கீழே முட்டுக்கொடுத்திருக்கிறது. உன் தலைப்பு நிற்காது.

ஆனால் ஒரேயடியாகப் போய்விடவும் இல்லை. சரிவின் ஓரத்தில் இருக்கும் இளமரங்களின் கோர்களைத் தனியாகப் பார். 2022லிருந்து அவற்றில் மேல்பக்கமும் விரிகிறது, இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், நிறமும் தெளிந்துவிட்டது. அவை நிஜமாகவே தேறிவிட்டன. பெரிய மரங்கள் நிற்கின்றன, தேறவில்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னால் உன் பழைய முடிவைவிட இது எவ்வளவோ மேல். இரண்டு பக்கக் கோர்களும் கையில் இருப்பதால்தான் சொல்ல முடிகிறது, அதை நீதான் எடுத்தாய். வரைபடங்களையும் போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

லென்ஸில் கண்ணை வைப்பதற்கு முன்பே, நான் ஜெயித்தால் பட்டறையில் எல்லோருக்கும் பஃப்ஸ் வாங்கித் தருவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தேன். பஃப்ஸும் வந்தது. எனக்குத் தின்னத் தோன்றவில்லை. ஸ்ட்ராவில் எல்லாம் சேறு அப்பியிருந்தது, ஒன்றில் ரத்தக்கறை.

கருத்தரங்கில் யார் பேசுவது என்று நான் கேட்கமாட்டேன். அதை நீயாகத்தான் சொல்ல வேண்டும். இப்போது கோல் ஊன்றி நடக்கிறேன். நாலு படி ஏற முடியும். மேடைக்கு நாலு படிக்கு மேல் இருக்காது.

பிரீத்தி


மேட்டுப்பாளையம்,
23 மார்ச் 2025

பிரீத்தி,

வெள்ளிக்கிழமை முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் உன் பையை வைத்து இடம் போட்டிருந்தேன். நீ வரவில்லை. முடிந்ததும் உன் வீட்டுக்கு வந்தேன். நீ தூங்குவதாக அம்மா சொன்னார்கள். உன் அறையில் கோல் தட்டுகிற சத்தம் கேட்டது. காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

நீ பேச வேண்டும் என்று சாரிடம் சொன்னேன். நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது என்றார். நான் ஒரு தடவைதான் சொன்னேன். இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பார். சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எனக்கும் அந்த மேடை வேண்டியிருந்தது.

மேடையில் தலைப்பை அடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். பைனைத் தேக்கு என்று நினைத்துத் தப்பான பக்கத்தில் துளைத்தேன், அதைக் கண்டுபிடித்தவள் என் தோழி பிரீத்திகா, வீட்டில் கால் முறிந்து உட்கார்ந்தபடி கண்டுபிடித்தாள் என்று உன் பேரோடு சொன்னேன். கடைசி ஸ்லைடிலும் உன் பேர்தான். அரங்கம் எழுந்து கை தட்டியது. எனக்குத் தட்டினார்கள் பிரீத்தி, தப்பு செய்த எனக்கு. டெல்லியிலிருந்து வந்த ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, தன் தவறைத் தானே சொல்கிற துணிச்சலை இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை என்றார்.

சார் அன்றைக்கு மாலையே முடிவைச் சொல்லிவிட்டார். சுவிட்சர்லாந்துக்கு நான்.

எனக்கு வேண்டாம், அது உன்னுடையது என்று சாரிடம் சொன்னேன். இந்த முறை மூன்று தடவை சொன்னேன். "ரெண்டு பேரும் பேசிட்டு வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பேரச் சொல்லுங்கம்மா, யாருன்னாலும் எனக்குச் சம்மதம்" என்றார். நான் விட்டுக்கொடுக்கிறேன். மனசாரத்தான் சொல்கிறேன். நீ போ.

அப்பாவிடம் பதில் கொடுத்தனுப்பு.

நந்தி


பெரியநாயக்கன்பாளையம்,
26 மார்ச் 2025

நந்தி,

உங்கப்பா கூடத்தில் உட்கார்ந்து என் அப்பாவிடம் பாக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். "சித்தெ இருங்க, எழுதிப்போட்டுத் தாரேன்" என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் தூங்கவில்லை. நீ காப்பி குடித்தது, அம்மா உன்னைச் சாப்பிடச் சொன்னது, நீ செருப்பு மாட்டியது, எல்லாம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். கதவைத் திறந்திருந்தால் உன்னைக் கட்டிக்கொண்டிருப்பேனா அடித்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை, அதனால் திறக்கவில்லை.

நீ தப்பு செய்தாய், கை தட்டினார்கள். நான் சரியாகச் சொன்னேன், எனக்கு ஒரு ஸ்லைடு. இந்த நியாயத்தை எந்தக் கோயிலில் போய் முறையிடுவது? மூன்று நாளாக வீட்டில் யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை. அந்தப் பெரியவர் பிடித்த கையை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் என்ன செய்தேன் தெரியுமா? பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தேன். போகத்தான் நினைத்தேன். நேற்று முழுக்க நான் சுவிட்சர்லாந்தில்தான் இருந்தேன், உன் நினைப்பே இல்லை. இரவுச் சாப்பாட்டின்போது அம்மா, "நந்திதா விட்டுக்கொடுத்தாளாமே, எத்தனை பெரிய மனசு" என்றார். அதோடு முடிந்தது.

அந்தப் பேச்சை நான் ஆயுசுக்கும் கேட்க வேண்டியிருக்கும். அங்கே எது நல்லதாக நடந்தாலும் 'நந்திதா கொடுத்தது' என்று நானே நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் நீயும் சொல்லிக்காட்டுவாய். மாட்டேன் என்று சொல்லாதே, நீ என் மிட்டாயைத் தின்றதையே கடிதத்தில் எழுதியவள். உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு நன்றாகத் தெரியும், பழகிவிட்டது. உனக்குக் கடமைப்பட்டு இருக்க எனக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்கிற வயதும் இல்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. இன்று காலையே சாருக்குப் போன் செய்து உன் பேரைச் சொல்லிவிட்டேன். இதற்கு நன்றி கின்றி என்று எழுதினால் நம்பரை மறுபடி பிளாக் செய்வேன். ஆமாம், நேற்று ராத்திரிதான் பிளாக்கை எடுத்துவிட்டேன்.

சரிவை என்னிடம் திருப்பிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மே மாதம் நானே ஏறுவேன். இளமரங்கள் ஏன் தேறின, பெரியவை ஏன் தேறவில்லை என்பது என் கேள்வி. அதில் உன் கை படக்கூடாது. கடப்பாரையைச் செவ்வந்தி அக்காவிடம் விட்டுவிட்டுப் போ. என் பையையும்.

போய்ச் சேர்ந்ததும் எழுது. நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதாதே. குளிர் தாங்கவில்லை, சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை, அங்கே ஒருத்தரும் என்னை மதிக்கவில்லை என்று எழுது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

பிரீத்தி